தலைக்கணக்கு

செல்லூரில் என் ரேஷன் கடை.
பதினாறு வருஷமாய்த் தலை எண்ணி அளக்கிறேன்.
பெரியவருக்கு ஒன்று, சின்னதுக்கு அரை.
மெஷினில் விரல் வைத்தால்
பெயர்கள் வரிசையாய் வரும்.
அப்பளம் போடும் பெண்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும்,
முந்தியில் துடைத்துத் துடைத்து
நாலாவது தடவைதான்
ஆள் என்று ஒப்புக்கொள்ளும்.

எங்கள் அட்டையில் இரண்டே பெயர்.

ஆடியில் ஒரு மத்தியானம்
குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு
மூன்றாவதாய் ஒருத்தி வந்தாள்.
சோலைமதி, வயது எட்டு,
ஊக்கு குத்திய செருப்பு.
அம்மா தோப்பூர் ஆஸ்பத்திரியில்.
தாளில் காசம், பிள்ளையிடம் நெஞ்சுச்சளி.
அப்பா என்ற இடத்தில் ஒரு கோடு.
ஆறு மாசம் என்று போட்டிருந்தது,
வாடகைப் பத்திரம் மாதிரி.

"தத்தா?" என்றது தெரு.
இல்லை, வளர்ப்புப் பராமரிப்பு.
"அப்ப திருப்பிக் குடுத்துருவீகளா?"
வந்ததைக் கொடுப்பதுதானே என் உத்தியோகம்
என்று சிரித்தேன்.
சிரித்தது ராத்திரி முழுக்கத் தொண்டையில் நின்றது.

முதல் வாரம்
தலையணை உறைக்குள் இரண்டு இட்லி.
அடுத்த வாரமும்.
எறும்புதான் காட்டிக்கொடுத்தது.
திட்டக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.
மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று வாங்கி
அவள் தலைமாட்டில் வைத்தேன்.
பத்து நாள் கழித்து,
"இது தெனமும் இருக்குமா?"

என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை.
கடையத்தை.
இவரை, ஆட்டோ மாமா.
அவளே வைத்த பெயர்கள்,
பொருத்தமாகத்தான் இருந்தன.

அட்டையில் சேர்க்க முடியுமா என்று
வழங்கல் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன்.
"அம்மா அட்டையில இருக்கு.
அங்க நீக்குனாத்தான் இங்க."
நீக்கல் படிவம் ஒன்றை நீட்டினார்.
நான் வாங்கியிருக்க வேண்டியதில்லை.
வாங்கி, நாலாய் மடித்துப் பர்சில் வைத்தேன்.

இரண்டாவது ஞாயிறுகளில் திருமங்கலம் பஸ்.
வேப்பமரத்தடியில்
மாஸ்க் போட்ட தாயும் மாஸ்க் போட்ட மகளும்
ரெண்டு பெஞ்சில்.
ஒருநாள் என்னிடம் கேட்டாள்:
"இவளுக்கு இன்னும் கொழம்புல தேங்கா ஆகாதாக்கா?"
அன்றைக்குக் காலைகூடத்
தேங்காய் அரைத்துத்தான் வைத்திருந்தேன்.
தட்டை வழித்துத் தின்றுவிட்டுத்தான் பஸ் ஏறினோம்.
பிள்ளை என்னை ஒரு தரம் பார்த்தது.
"ஆகவே ஆகாதும்மா" என்றது.

தையில் நீட்டித்தார்கள்.
அப்புறம் சித்திரை, ஆற்றில் கூட்டம்.
இவர் தோளில் உட்கார்ந்து பார்த்தாள்,
தண்ணீர் பீய்ச்சியவர்களை எல்லாம் திட்டினாள்.

அழகர் மலைக்குத் திரும்பிய அடுத்த வாரம்
கடை வரிசையில் பாண்டிச்செல்வி.
மாஸ்க் இல்லாமல் அவள் முகத்தை
அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.
முன்பல் சந்து அப்படியே இருந்தது,
தினமும் நான் பல் தேய்த்துவிடும் அதே சந்து.
விரல் வைத்தாள். முதல் தடவையே விழுந்தது.
ஒன்பது மாசமாய் அப்பளம் தொடாத விரல்.

பாண்டிச்செல்வி.
சோலைமதி.

வீட்டுப்பாட நோட்டில், சளி மருந்துச் சீட்டில்
நானே எத்தனை தடவை எழுதிய பெயர்.
என் மெஷினில் அது வந்ததே இல்லை.

"மீனாம்பாள்புரத்துல ரூம் பாத்துட்டேன்க்கா.
மாவுத் தூசி ஆகாதுன்ட்டாங்க.
டெய்லர் கடையில காஜா எடுக்கக் கூப்பிட்ருக்காக.
வெள்ளிக்கிழமை குழு ஆபீசுக்கு
நீங்களும் வரணுமாம்."
தெரியும். எனக்கும் போன் வந்திருந்தது.

ஒன்றரைத் தலைக்கு அளந்தேன்.
கை நிற்கவில்லை போல.
"அக்கா, அவுகளுக்கே அம்புட்டையும் அள்ளிட்டா
நாங்க எங்கிட்டுப் போறது?"
பின்னாலிருந்து ஒரு குரல்.
வரிசையே சிரித்தது. அவளும்தான்.

பர்சில் துழாவினேன், வேறு தாள் இல்லை.
படிவத்தின் பின்பக்கம் வெள்ளையாய்த்தான் இருந்தது.
எழுதிக் கொடுத்தேன்:

மூடி டப்பா, தலைமாட்டில்.
தினமும் இரண்டு இட்லி.
சாப்பிட மாட்டாள், இருக்க வேண்டும்.
காலையில் அவள் பார்க்காதபோது மாற்றவும்.

தேங்காய் பற்றி எழுதவில்லை.